குடம் இறக்குற உசரத்துல ஒரு தரை

முருகன் துணை

சென்னிமலை
29-6-2025

வள்ளியாத்தாளுக்கு அப்புசாமி சொல்லி எழுதுறது. இங்க நான் சுகம். கோழிகளும் ஒண்ணைத் தவுத்து எல்லாம் சுகம். அங்க உன் ஒடம்பு எப்படி, மகள் லோகப்பிரியாளுக்குக் கால் வீக்கம் எறங்குச்சா, பிரசவத்துக்கு டாக்டரு எந்த வாரம்னு சொன்னாங்க, மாப்பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட்டுப் பாக்கு மண்டிக்குப் போறாரா, எல்லாம் விவரமா எழுதோணும்.

போன்ல பேசி ஒண்ணும் ஆகலை. நீ பேசுறது எனக்குக் கொசு கத்துற மாதிரி இருக்குது. நான் பேசுறது உனக்கும் கேக்குது, நம்ம வீதிக்கும் கேக்குது. அதனால சிக்கந்தர் தையக்கடையில உக்காந்துட்டுச் சொல்றேன், அவன் மெசினை நிறுத்திப்போட்டு எழுதுறான். நீ எழுதுறதை அவன் என் காதுக்கிட்ட ஒருவாட்டி படிச்சாப் போதும். அப்புறம் அது என் மண்டையை உட்டுப் போகாது.

சேதி என்னன்னா, நீ பஸ் ஏறின வாரமே கீரி வந்து செவலைப் பெட்டையை அடிச்சுப்போடுச்சு. கூடையைக் கவுத்துக் கல்லு வெச்சுத்தான் இருந்தேன். கல்லை உருட்டிப்போட்டு உள்ள போயிருக்குது. மயிலியும் மத்த கோழியும் கத்தினதை நான் கேக்கலை. என் காது லட்சணம் உனக்குத்தான் தெரியுமே. பக்கத்தூட்டுக்காரங்க வந்து எழுப்புனாங்க.

இனிக் கூடை வேண்டாம். ஊட்டுக்குப் பொறத்தால பொடக்காளியில செங்கல் வெச்சு ஒரு கூடு கட்டி, அதுக்கு முன்னால கோழி மேயறதுக்குக் கம்பிவலைப் பட்டியும் போட்டுடலாம்னு இருக்கேன். செவுரும் கூரையும் எனக்குத் தெரியும். தரைக்கு என்ன போடுறதுன்னுதான் ஓடலை. மண்ணா, மணலா, சிமெண்டா, இல்லை ஏதாச்சும் தூளா. ஆட்டு யாவாரம் பண்ணினவனை ஆட்டுப்பட்டி பத்திக் கேட்டாச் சொல்லிப்போடுவேன். கோழி உன் இலாகா. நீ சொல்லு.

இப்படிக்கு
அப்புசாமி (கைநாட்டு)

அக்கா, சிக்கந்தர் எழுதுறேன். மேல முருகன் துணைன்னு போட்டனா இல்லையான்னு அண்ணன் விரல் வெச்சுப் பாத்துட்டாரு. படிக்கத் தெரியாட்டியும் அந்த எடம் காலியா இருந்தாத் தெரிஞ்சுபோகுது. சோறு அவரே ஆக்கிக்கிறாரு. ரசம் மட்டும் நம்ம ஊட்லருந்து போகுது.


மேட்டுப்பாளையம்
8-7-2025

லோகப்பிரியா அப்பாவுக்கு வள்ளியாத்தாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் நின்றதா, காலையில் மாத்திரை போடுகிறீர்களா என்று தெரியப்படுத்தவும்.

மகளுக்கு வீக்கம் எறங்கிருச்சுங்க. ஆடி பாதியில பொறக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க. மாப்பிள்ளை மூணு வேளையும் சாப்பிடறாரு, நாலாவது வேளைக்கும் தயாராத்தான் இருக்காரு.

செவலைக்கு நான் அழுதேன். ஏனுங்க, உங்ககிட்ட ஒப்படைச்சுட்டு வந்தது அஞ்சே கோழி. அதையும் எண்ணிக்கை கொறைச்சுப்போட்டீங்க.

தரை கேட்டிருந்தீங்க. சிமெண்டே போடுங்க. கொஞ்சம் சரிவா உட்டு, அந்தக் கடைசியில வாழை இருக்கட்டும். காலையில ரெண்டு குடம் தண்ணி ஊத்திச் சீமாத்துல தள்ளினா அத்தனையும் வாழைக்குப் போயிரும். இங்க மகளூட்டுல தொவைக்கிற எடங்கூட டைல்ஸுங்க. மொகம் தெரியுது. நமக்குத்தான் அந்த யோகமில்லை, கோழிக்காச்சும் கெடைக்கட்டும்.

கொழந்தை பொறந்து தலை கொஞ்சம் நின்னதும் நான் கெளம்பிருவேன். ஆவணி தாண்டாது. அதுக்குள்ள கூட்டை முடிச்சுவெச்சாக் குடிபோறது என் கையால ஆகட்டும்.

சிக்கந்தர் தம்பிக்கும் அவங்க ஊட்ல அம்மாளுக்கும் என் விசாரிப்பு. ரசத்துக்குப் பதில் மொறை நான் வந்து செய்யறேன்.

இப்படிக்கு
வள்ளியாத்தாள்


முருகன் துணை

சென்னிமலை
20-7-2025

வள்ளியாத்தாளுக்கு அப்புசாமி சொல்றது. இருமல் போயிருச்சு, மாத்திரை போடுறேன். உங்க எல்லாரு சுகத்தையும் மலை மேல ஏறிச் சொல்லிப்போட்டு வந்தேன். படியில ஏறலை, பஸ்சுலதான் போனேன்.

சிமெண்டு பத்தி யோசிச்சேன். எங்கிட்ட ரெண்டு கருங்கிடா வாங்கினாரே ஓடாநிலை நஞ்சுண்டன், ஒண்ணுக்கு இடது கொம்பு மொனை ஒடைஞ்சிருக்கும், அவரு கூட்டுக்குச் சிமெண்டு போட்டது நம்ம மகளுக்குக் காது குத்தின வருசம். ஒரு சித்திரை தாண்டலை, கோழி காலடியெல்லாம் சுண்டைக்காயாட்டம் வீங்கிருச்சு. கீழே தூள் எதுவும் பரப்பாம வெறுந்தரையில உட்டிருந்தாரு. மார்கழியில குளுந்து சாகுது, சித்திரையில வெந்து சாகுதுன்னு அவரு சம்சாரம் உன்கிட்டத்தான் வந்து சொல்லுச்சு. நீ அப்ப மொளகா காயப்போட்டுட்டு இருந்தே. மறந்துபோட்டயா.

அதனால கோழியவே கேட்டர்லாம்னு பொடக்காளியில நாலு குவியல் கொட்டினேன். ஒண்ணு உமி. ஒண்ணு கடலைக்காய்த் தோல். ஒண்ணு தேங்காமஞ்சித் தூள், நாரு அடிச்சா உதிருமே அது. நாலாவது, சிக்கந்தர் போர்வைக்கு ஓரம் அடிச்சு வீசுற நூல்கழிவு, அது நம்மூர்ல சும்மா கெடைக்குது. உமியை நாலும் சேந்து கிண்டிக் காத்துல பறக்க உட்டுட்டுது. கடலைத் தோலைத் தின்னு பாத்துத் துப்பிருச்சு. நூலுக்குள்ள பூந்த கரும்பெட்டை காலு ரெண்டும் சிக்கி உருண்டுச்சு. அதைப் புடிச்சு மடியில வெச்சு நானும் சிக்கந்தரும் பொழுது முச்சூடும் கத்திரியோட உக்காந்து பிரிச்சோம். மயிலி மட்டும் மஞ்சித்தூள்ல குழி பறிச்சு மண்ணுக் குளியல் போட்டுட்டுக் கண்ணை மூடிக்கிச்சு.

ஆகக்கொண்டு மஞ்சித்தூள்தான். செவுரை ரெண்டு வரி கட்டியாச்சு. தரை மண்ணாவே இருக்கட்டும், அதுமேல மஞ்சியைக் கனமாக் கொட்டி நீ தெனமும் உக்காந்து ஒரு கிண்டு கிண்டி உட்டாப் போதும்.

பேரனோ பேத்தியோ பொறந்ததும் நீ காலை நீட்டிப்போட்டுத் தண்ணி வாக்குறதை மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாக்கட்டும். நம்ம வீதியில பாதிப்பேரு உன் முழங்கால்ல படுத்துக் குளிச்சவங்கதான். சிக்கந்தர் மகனும் அப்படித்தான், இப்ப அவன் மீசை வெச்சிருக்கான்.

அப்புசாமி (கைநாட்டு)

கத்திரி என்னுடைய நல்ல கத்திரி அக்கா. அதுல இப்ப கோழி வாசம் அடிக்குது. – சிக்கந்தர்


மேட்டுப்பாளையம்
24-8-2025

லோகப்பிரியா அப்பாவுக்கு வள்ளியாத்தாள் எழுதிக்கொண்டது. ஆண் குழந்தை பிறந்த செய்தியை மாப்பிள்ளை சிக்கந்தர் தம்பிக்குப் போனில் சொன்னதில் அறிந்திருப்பீர்கள். தாயும் பிள்ளையும் நலம். கடுதாசி போடத் தாமதமானதுக்குக் கோவிக்க வேண்டாம்.

பையன் நல்ல நெறம். காது உங்க காது. அதாவது வடிவத்துல.

தண்ணி வாக்க மாசாணம்னு ஒரு அம்மா வருதுங்க. கை சுத்தமா இருக்குது. பையனும் அழறதில்லை.

கூட்டுக்கு நீங்க முடிவு பண்ணினதே சரி. சிமெண்டு வேண்டாங்க. தண்ணி பட்டா வழுக்கும். பட்டிக்கும் போட்டுடாதீங்க.

ஆவணியில வர முடியுமான்னு தெரியலை. புரட்டாசி ஆகட்டும். எனக்கு இங்க ஒரு கொறையும் இல்லை. நல்லா இருக்கேன்.

வள்ளியாத்தாள்


முருகன் துணை

சென்னிமலை
30-8-2025

வள்ளியாத்தாளுக்கு அப்புசாமி சொல்றது. பேரன் பொறந்ததுக்கு வீதி முச்சூடும் சக்கரை குடுத்தாச்சு. நான் சுகம். மகளையும் பையனையும் நல்லாப் பாத்துக்க, உன்னையும் பாத்துக்க.

மாசாணம்ங்கிற அம்மா கை சுத்தம்னு எழுதினது சந்தோசம். காலை நீட்டி உக்காந்துதான வாக்குறாங்க? அப்படின்னாச் சரி.

வெரசா எழுத வேண்டிய சேதி ஒண்ணு. கட்டினதைப் பிரிச்சுப்போட்டேன். மண்ணுத் தரை ஒத்துவராது. மரநாய் மண்ணைத் தோண்டி வந்துரும். அதனால தரையைத் தூக்கிடறேன். நாலு மூலைக்கும் கல்லுக்கால் நட்டு, அதுமேல மரச்சட்டம் அடிச்சு, சந்து உட்டு ரீப்பர்க்கட்டை போட்டாத் தரை அந்தரத்துல நிக்கும். கோழி எச்சம் சந்து வழியாக் கீழே உழுகும். கீழே மஞ்சித்தூள் பரப்பி வெச்சா, நீளக் கைப்புடி போட்ட வாருகோல்ல நின்னமேனிக்கு இழுத்துப்போடலாம். முட்டை எடுக்கறதும் நின்னமேனிக்கு. ஒக்கார வேண்டிய வேலையே கெடையாது. மரநாய்க்காகத்தான் இது.

அப்புசாமி (கைநாட்டு)

அக்கா, சிக்கந்தர். எனக்கு ஒண்ணும் புரியலை. எப்பவும் ஒருதடவ படிச்சாப் போதும்பாரு. உங்க போன கடுதாசியை மூணுவாட்டி படிக்கச் சொன்னாரு, அதுவும் சின்னக் கடுதாசி. நேரா ஊட்டுக்குப் போய் ரெண்டு வரிச் செவுரைப் பேத்துட்டாரு. இந்த வீதியில மரநாய் பாத்தவங்க யாரும் கெடையாது. பொறகு என் இஞ்சி டேப்பைக் கொண்டுவரச் சொல்லி, பைப்பு ஓரத்துல நீங்க இடுப்புக் குடத்தை எறக்கி வைப்பீங்களே அந்தக் கல்லை அளக்கச் சொன்னாரு. கோழித் தரை அந்த உசரம் இருக்கோணுமாம். கோழிக்கு எதுக்குண்ணா குடம் எறக்குற உசரம்னு கேட்டேன். நீ தையல்காரன், தையலைப் பாருன்னுட்டாரு.


மேட்டுப்பாளையம்
14-9-2025

லோகப்பிரியா அப்பாவுக்கு வள்ளியாத்தாள். எல்லோரும் சுகம். பையன் சிரிக்கப் பழகிவிட்டான். உங்கள் சாப்பாடு தூக்கம் எப்படி என்று ஒளிக்காமல் எழுதவும்.

கட்டினதைப் பிரிச்சுட்டீங்கன்னு மாப்பிள்ளை படிச்சுட்டுச் சிரிக்கிறாரு. ஏனுங்க, கோழி அவ்வளவு உசரம் எப்படி ஏறும்? கரும்பெட்டை தண்ணித்தொட்டி மேலயே மூச்சு வாங்கிட்டு ஏறும். படிப்பலகை வெச்சாத்தான் ஆகும், அதுலயும் குறுக்கே குச்சி அடிக்கோணும். சந்து பெருசா இருந்தாக் குஞ்சு கால் உள்ள போயிரும், சின்னதா இருந்தா எச்சம் எறங்காது. உங்க சுண்டுவெரல் அளவு சரியா இருக்கும். மரம் சொரசொரன்னு இருந்தாக் காலைக் கிழிக்கும். இங்க மண்டியில பாக்கு மரத்தைப் பொளந்து எழைச்ச ரீப்பர் கெடக்குது. வழவழன்னு இருக்குது, ஈரம் குடிக்காது. மாப்பிள்ளைகிட்டச் சொல்லிவெச்சிருக்கேன்.

தீவாளி நோம்பிக்கு வரலைங்க. மகள் வேலைக்குத் திரும்பப் போகோணும். அம்மா இங்கயே இருந்துருங்க, அப்பாவையும் கூட்டிட்டு வந்தர்லாம்ங்கிறா. நான் சரின்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. அங்க வந்தாலும் நான் என்ன வேலை செஞ்சு கிழிக்கப்போறேன், வயசாச்சு.

மயிலி எப்படி இருக்குது? அதைப் பத்தி நீங்க எழுதவே இல்லை.

எனக்கு ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் இருக்கேன்.

வள்ளியாத்தாள்


முருகன் துணை

சென்னிமலை
28-9-2025

வள்ளியாத்தாளுக்கு அப்புசாமி சொல்றது. நான் சாப்பிடுறேன், தூங்குறேன். காது கேக்காதவன் தூக்கத்துக்கு என்ன கொறை. மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம்.

மகள் சொல்றதுல தப்பில்லை. அவ ஊடு நல்ல ஊடு. நான் அங்க வந்தா மாப்பிள்ளை மண்டியில உக்காந்துட்டுப் போற வார லாரியையெல்லாம் ஆடாட்டம் வெலை கேட்டுட்டு இருப்பேன். நீ யோசிச்சு எது தோதோ அதைச் செய்யி. நான் இழுக்க மாட்டேன்.

மயிலி சங்கதி கேட்டே. அது அடைக்கு உக்காந்திருக்குது. முட்டையே இல்லாத கூடையில உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்குது, கிட்டப் போனாக் கொத்துது. நான் முட்டை வெக்கலை. உன் தம்பி கல்யாணத்துக்கு நீ காங்கயம் போயிருந்தப்ப நான் அடை வெச்சதுல அத்தனையும் கூமுட்டை. ஊடு முச்சூடும் நாத்தம், நீ வந்து வாசப்படியில நின்னுட்டு ஒரு மொறை மொறைச்சே. அந்தப் பார்வை இன்னும் எனக்கு இருக்குது. இரும்புத்துண்டும் வரமொளகாயும் கூடையில எடுத்துவெச்சாச்சு. இடி இடிச்சாலும் முட்டைக்கு ஒண்ணும் ஆகாது. கை மட்டுந்தான் இல்லை. இதை நான் கேக்கலை, கோழி கேக்குது.

பட்டிக்கு ஆத்துமணல் கெடைக்கலை. கல்லை ஒடைச்ச மணல் இருக்குது, அது கூரு, கோழிக் காலைக் குத்துது. அதனால பட்டி முழுக்க மஞ்சித்தூளே கொட்டிட்டேன். சமையக்கட்டு வாசல்லருந்து கூடு வரைக்கும் மட்டும் கொத்தின கல்லுப் பலகை பதிச்சிருக்கேன். எழைச்சது வேண்டாம், கொத்தினதே வேணும்னு கேட்டு வாங்கினேன். மழை பேஞ்சாலும் வழுக்காது. அதுக்கு ரெண்டு பக்கமும் இடுப்பு உசரத்துக்குப் பைப்புக் கம்பி. கோழி உக்கார்றதுக்கு.

பாக்கு ரீப்பர் வந்தாத் தேவுல. அவசரமில்லை.

அப்புசாமி (கைநாட்டு)


786

சென்னிமலை
26-10-2025

அன்பு அக்காவுக்குத் தம்பி சிக்கந்தர் சலாம். நாங்கள் அனைவரும் நலம். குழந்தைக்கு எங்கள் வீட்டு துவா எப்போதும் உண்டு.

இது அண்ணன் சொல்லி எழுதலை. அவருக்குத் தெரியாம நானே எழுதுறேன், தப்பா இருந்தாப் பொறுத்துக்கணும். எனக்குக் கவலையா இருக்குது. கூட்டுல ஆரம்பிச்சது ஊட்டுக்குள்ள வந்திருச்சு. தரையில இருந்த கேஸ் அடுப்பை மேடை கட்டி மேல ஏத்திட்டாரு. தொவைக்கிற கல்லைத் தூக்கித் தூண் வெச்சிட்டாரு. குளிக்கிற எடத்துல சேர் போட்டிருக்காரு. போன வாரம் கொத்தனார் வந்து சேர் மாதிரி உக்கார்ற கக்கூஸ் வெச்சிட்டுப் போனாரு. எதுக்குண்ணான்னு கேட்டா, ஒரம்பரை வந்தா வேணும்ங்கிறாரு. அடுப்புக்குக் கேட்டாக் கீரி வரும்ங்கிறாரு. கீரிக்கும் கேஸ் அடுப்புக்கும் என்ன அக்கா சம்பந்தம்?

கோழி உக்காரக் கம்பின்னு எழுதச் சொன்னாரே, அது சமையக்கட்டு வாசல்ல ஆரம்பிக்குது. ஒரு பக்கம் பத்தாதான்னு கேட்டேன். "போறதுக்கு ஒரு கை, வாரதுக்கும் அதே கைதான் வேணும். அதான் ரெண்டு"ன்னாரு. கோழிக்கு ஏதுண்ணா கைன்னேன். காது கேக்காத மாதிரி எந்திரிச்சுப் போயிட்டாரு. அது அவருக்குத் தோதான எடத்துல மட்டும் கேக்காது.

மனசு கெட்டுப்போச்சோன்னு பயந்தேன். ஆனா மத்த விசயத்துல தெளிவாத்தான் இருக்காரு. இருபது வருசத்துக்கு முந்தி நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுக்காம விட்டதை நேத்துச் சொல்லிக் காட்டினாரு, பட்டன் நெறத்தோட.

நீங்க ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போனா நல்லது.

தம்பி
சிக்கந்தர்


மேட்டுப்பாளையம்
2-11-2025

லோகப்பிரியா அப்பாவுக்கு வள்ளியாத்தாள் எழுதிக்கொண்டது. உங்கள் கடுதாசிக்கு உடனே பதில் போடாதது என் தப்பு. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

வார ஞாயித்துக்கெழமை மண்டி வண்டி ஈரோட்டுக்கு வருதுங்க. பாக்கு ரீப்பர் கட்டுக்கட்டா ஏத்தி, நம்ம ஊட்டு வாசல்ல எறக்கிட்டுப் போவாங்க. மாப்பிள்ளை அளவா அறுத்து, சொரசொரப்பு இல்லாம தேச்சு வெச்சிருக்காரு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டு காலியா இருக்குதாம். சீட்டு உசரம்தான், படி வெச்சிருக்குது, ஏறிக்கலாம்.

பையனைப் பாத்துக்க எனக்குப் பதிலா மகளோட மாமியாரு இருக்கறேன்னுட்டாங்க. மாசாணமும் வருது.

மயிலிகிட்ட இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்க.

ஒண்ணு கேக்கோணும். கம்பி ரெண்டு பக்கமும் இருக்குதாமே. போறப்பவும் இடது கை, வாரப்பவும் இடது கை. அதுவே சரிங்க. கோழிக்கு இடது கைதான் தோதுப்படும்.

சிக்கந்தர் தம்பி, இதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க. ரெண்டுவாட்டி படிச்சாலும் பரவால்லை.

வள்ளியாத்தாள்


முருகன் துணை

சென்னிமலை
7-12-2025

லோகப்பிரியாளுக்கு அப்பன் சொல்றது. நாங்க ரெண்டு பேரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா, பையன் கவுந்து படுக்கறானான்னு எழுது. இந்தத் தடவ எழுதுறது உங்கம்மா. சிக்கந்தருக்குக் கிறிஸ்மஸ் தையல் வந்திருச்சு. அதுவுமில்லாம, கீரிக்கும் அடுப்புக்கும் சம்பந்தம் புரிஞ்சதுலருந்து என்னைப் பாத்தாலே சிரிக்கிறான், எழுத்து கோணுது.

பாக்கு ரீப்பர் தரை அமைஞ்சுபோச்சு. சுண்டுவெரல் சந்து. எச்சமெல்லாம் கீழே எறங்கிருது, மேல துடைச்சு வெச்ச மாதிரி இருக்குது. உங்கம்மா வந்த அன்னைக்கே, வண்டியில இருந்து எறங்கி, கம்பியைப் புடிச்சுட்டு நேராக் கூட்டுக்குத்தான் போனா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. (பேசினேன் கண்ணு. கூரை கொஞ்சம் கோணல்னு சொன்னேன்.) மயிலி நடுவுல ஒருக்கா சலிச்சு எந்திரிச்சு மறுபடியும் உக்காந்திருந்துச்சு. நின்னமேனிக்கே முட்டை வெச்சா. எல்லாம் பொரிச்சாச்சு, ஒண்ணுதான் கூமுட்டை. (அந்த ஒண்ணு இவரு எடுத்துக் குடுத்தது.)

நீ போன்ல உங்கம்மாகிட்ட, அப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டயாமா. நான் சொல்றேன். தொவைக்கிற எடத்துல அவ வழுக்கி உழுந்ததை நீங்க யாரும் சொல்லலை. மாசாணம்னு ஒரு அம்மா தண்ணி வாக்க வருதுன்னு சிக்கந்தர் படிச்சான். முட்டி நல்லா இருந்தா, சொந்தப் பேரனை இன்னொருத்தி கால்ல போட உங்கம்மா உடுவாளா? ஊர்ப்புள்ளைக்கெல்லாம் வாத்தவ. அதோட, சிமெண்டு போடு, டைல்ஸாட்டம் மொகம் தெரியும்னு எழுதினவ, அடுத்த கடுதாசியிலயே தண்ணி பட்டா வழுக்கும்ங்கிறா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். எனக்குப் படிக்கத்தான் தெரியாது. (நீதான் சொல்லிக்குடுத்தயோன்னு உன்னைச் சந்தேகப்பட்டேன் கண்ணு. மனசுல வெச்சுக்காதே.)

வலது முட்டின்னு எப்படித் தெரியும்ங்கிறா. மஞ்சக்காட்டு வாய்க்கால்ல வழுக்கி உழுந்து வலது முட்டியில அடிபட்டது நீ நாலாவது படிக்கிறப்ப. மழை வரதுக்கு முந்தி அவ கை தானா அங்கதான் போகும். மறுபடி உழுந்தாலும் அதேதான் கெட்டிருக்கும். வலது காலு நோவுறவங்களுக்கு இடது கைக்குத்தான் புடி வேணும். எத்தனை நொண்டி ஆட்டை ஓட்டிட்டு வந்திருக்கேன், எந்தப் பக்கம் அணைச்சுட்டு நடக்கோணும்னு எனக்குத் தெரியாதா. (என்னை ஆடுங்கிறாரு. எழுதச் சொல்றாரு, எழுதியிருக்கேன்.)

ஏன் நேராக் கேக்கலைன்னா, கேட்டா இல்லைன்னு எழுதுவா. ஒருக்கா இல்லைன்னு எழுதிப்போட்டான்னா அதை மாத்தறதுக்கு அவ ரோசம் உடாது. அங்கயே இருந்துக்குவா. (இது மட்டும் நெசம். கீழே உக்காந்து எந்திரிக்க முடியாதவ வந்து இவருக்குப் பாரமா இருக்கோணுமான்னுதான் நெனைச்சேன். அந்தக் கம்பி சேதியைச் சிக்கந்தர் தம்பி எழுதின கடுதாசி வந்த அன்னைக்குப் பையை எடுத்து வெச்சேன்.)

இனிக் கோழி சங்கதி. இத்தனை மாசம் யோசிச்சு, நாலு குவியல் கொட்டி, கட்டினதை இடிச்சு, மேட்டுப்பாளையத்துலருந்து மரம் வர வெச்சுத் தரை போட்டா, மயிலியும் குஞ்சும் தவுத்து ஒண்ணும் அதுல படுக்க மாட்டேங்குது. பொழுதோட எல்லாம் வரிசையா வந்து அந்தப் பைப்புக் கம்பி மேல ஏறி உக்காந்துக்குது. ரெண்டு பக்கமும். கோழி உக்காரத்தான் கம்பின்னு நான் எழுதச் சொன்னது பொய்யாப் போகலை. சிக்கந்தர் வந்து பாத்துட்டுக் கடையைப் பூட்ட மறந்து சிரிச்சான்.

தெனமும் பொழுதெறங்க நாங்க ரெண்டு பேரும் போய் ஒவ்வொண்ணாப் புடிச்சு உள்ள உட்டாத்தான் ஆச்சு. சேவல் நகர மாட்டேங்குது. உங்கம்மாளுக்குக் கம்பியில கை வெக்க எடமில்லை. அதுக்கென்ன, புடிச்சுக்கறதுக்கு என் தோளு இருக்குதேன்னு எழுதச் சொன்னேன்.

(அதை எழுத மாட்டேன்னு சொல்லிப்போட்டேன்.)

மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாளுக்கும் எங்க விசாரிப்பு. பையனுக்கு முத்தம். பொங்கலுக்கு எல்லாரும் வாங்க, ஒரம்பரைக்கு வேண்டிய வசதியெல்லாம் ஊட்ல இருக்குது.

அப்புசாமி (கைநாட்டு)
வள்ளியாத்தாள்